எமனுக்குக் கண்ணாடி பிடித்தவள்

“எட்றா கயித்த! எங்கண்ணன் புள்ள கழுத்துலேர்ந்து எட்றான்றேன்!”

காசியம்மாள் போட்ட கூச்சலில் ஆர்மோனியம் பாதிப் பாட்டில் நின்றது. மிருதங்கக்காரர் தட்டப்போன கையை மடியில் வைத்துக்கொண்டார். புளியமரத்தடியில் குந்தியிருந்த காலனி ஜனம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே, கடைசி வரிசையில், காலை நீட்டிக்கொண்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த ஹேமந்தின் கழுத்தில் சிவப்புச் சாயம் தோய்த்த கயிறு மாலை போலக் கிடந்தது. அதன் மறுமுனை எமனின் கையில் இருந்தது.

எமன் கயிற்றை இழுக்கவில்லை. கரியும் நீலமும் அப்பிய முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் ஹேமந்தையே பார்த்தன. பிறகு கயிற்றை மெல்ல உருவிக்கொண்டு, சலங்கை குலுங்கத் திரைக்குப் பின்னால் போய்விட்டான்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துச் சித்திரை நடு. திருவிடந்தைக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே இருந்த காலனியில் எய்ட்ஸ் பற்றிக் கூத்துப் போட வந்திருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வேனில் அழைத்து வந்த கோஷ்டி. விடிய விடிய ஆடுகிற கூத்து இல்லை இது. வெயில் சாய்ந்ததும் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடிந்துவிடும்.

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் துரைக்கண்ணு, எமனின் கதாயுதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஒரு உறையை மாட்டிக் காட்டினான்.

“எம தர்ம ராசாவே! ஆயுதத்த ஒறை இல்லாம வெளிய எடுத்தா ஆருக்கு ஆபத்து?”

“எதிராளிக்கடா!”

“அய்ய, அது ஒங்க லோகத்துல. எங்க ஊர்ல எடுத்தவனுக்கும் ஆபத்து, அவன் பொண்டாட்டிக்கும் ஆபத்து, வவுத்துல கீற புள்ளைக்கும் ஆபத்து!”

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். காசியம்மாளும் சிரித்தாள். அப்புறம்தான் எமன் ஜனங்களுக்குள் இறங்கினான். வழக்கமாகக் கயிற்றைச் சுழற்றிச் சுழற்றிக் கடைசியில் கட்டியங்காரன் கழுத்தில்தான் போடுவார்கள். இந்த எமன் சுழற்றவே இல்லை. ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். தேடி வந்தவன்போல வந்தான். ஹேமந்த் முன்னால் வந்ததும் நின்றான்.

வைகாசியில் ஹேமந்துக்குக் கல்யாணம். பெண், காசியம்மாளின் மகள் ஜாக்குலின். அண்ணனும் அண்ணியும் போன பிறகு காசியம்மாளே சோறு போட்டு வளர்த்த பிள்ளை அவன். ஜல்லி லாரியில் கிளீனராக ஏறி, லோடு இறக்கி, இப்போது டிரைவர். கல்லை இழைத்துச் செய்ததுபோல உடம்பு.

மறுநாள் காலை குழாயடியில் சாராள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். சாராளின் அக்காவைச் சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

“காசி, சொல்றனேன்னு கோச்சிக்காத. போன வருசம் எங்கக்கா ஊர்லயும் இதே கோஷ்டிதான் ஆடுச்சி. இதே எமன். ஏகாம்பரம்னு ஒருத்தன், எரும மாதிரி இருப்பான். அவன் கழுத்துல போட்டான் கயித்த. ஆவணிக்குள்ள கருவாடா காஞ்சிப் பூட்டான். பாயோட வாரி எடுத்துக்கினு போனாங்க.”

“ஏதாச்சும் சீக்கு இருந்திருக்கும்.”

“பூஞ்சேரியாண்ட கருப்பன்? அவனுக்கு மாசில கயிறு வுழுந்துச்சி. இந்தச் சித்திர பொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. கயிறு வுழுந்து எவன் தப்பிச்சான், சொல்லு பாக்கலாம்?”

காசியம்மாளின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை.

வீட்டில் புருஷன் மோசஸ் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தார். கடலோர பங்களா ஒன்றில் காவல் வேலை. கூழைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு மாங்காய்த் துண்டைக் கடித்தார்.

“வேஷக்காரன் இன்னாமே பண்ணுவான்? அவன் நம்மள மாதிரி மனுசன். அவனுங்க சீக்குல செத்தானுங்க. கயித்துக்கும் அதுக்கும் இன்னா கீது?”

“சரி. சீக்குல சாவறவனா பாத்து எப்டிய்யா அவன் கயிறு போட்றான்? ஊர்ல எத்தினி கழுத்து கீது. அவனுங்க கழுத்து எப்டித் தெரிஞ்சிது அவனுக்கு?”

மோசஸ் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். சுவரில் மாட்டியிருந்த வேத வசனக் காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜாக்குலின் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் வேலை பார்த்தாள். உளிக்காரர்கள் முடித்துத் தருகிற மாக்கல் பொம்மைகளைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளைப் பூச்சு அப்பியிருக்கும். கிண்டல் பண்ணுவான் ஹேமந்த். “இன்னா ஜாக்கு, கை மட்டும் வெள்ளக்காரியா பூட்டியா?”

அந்த வாரம் கிண்டல் இல்லை. அவன் கழுத்தில் கயிற்றின் சாயம் மங்கலாக ஒட்டியிருந்தது. தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தான். சாயம் போன பிறகும் தேய்த்தான். தேய்த்த இடம் கன்றிப்போய் முன்னைவிடச் சிவப்பாக இருந்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. மத்தியான வேளைகளில் காலனியில் நாய்கூட அசையாது. சவுக்குத் தோப்பில் மட்டும் காற்று நுழைந்து ‘ஓ’வென்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும். கடல் எது, தோப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி ஒரு மத்தியானம் விறகுக்கு மிளார் பொறுக்கப் போன காசியம்மாள் வெறுங்கையோடு ஓடி வந்தாள்.

“சலங்க சத்தம்டீ. தோப்புக்குள்ள. நடந்து வந்து நின்னுச்சி. நான் திரும்பனதும் நின்னுச்சி.”

“ஆட்டுக் கழுத்து மணியா இருக்கும்மா.”

“ஆட்டு மணிக்கும் சலங்கைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு?”

உள்ளே படுத்திருந்த ஹேமந்த் எழுந்து வந்து வாசற்படியில் நின்றான். தோப்பைப் பார்த்தான். அவனுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலில் லோடு அடித்த காய்ச்சல் என்று அவன் சொன்னான். காசியம்மாள் அதை நம்பவில்லை.

ஜாக்குலின் சாயங்காலம் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அவன் வீடு என்பது அடுத்த குடிசைதான்.

“மாமா, அந்த வேஷக்காரர ஒனக்குத் தெரியுமா?”

“எனுக்கு எப்டித் தெரியும்?”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஜாக்குலின் அவனைப் பார்த்தாள். அவன் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தான். கஞ்சியில் ஆவியே இல்லை.

“ஒன்னியே தேடிகினு வந்த மாதிரி இருந்துச்சி. அதான் கேட்டேன்.”

“ஒங்கம்மா மாதிரி நீயும் பேஜாரு பண்ணாத. போ.”

காய்ச்சல் நான்காம் நாளும் நிற்கவில்லை. சாராள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை பரிகாரத்தோடு வந்தாள்.

“எங்கக்கா மாமியா ஊர்ல கூத்தாடிங்க ஜாஸ்தி. அவங்க சொல்றது இது. கயிறு போட்ட எமனே வரணும். முழு வேஷத்தோட ஒன் வூட்டு வாசலுக்கு வந்து, உச்சிப் பொழுதுல ஒக்காந்து வேஷத்தக் கலைக்கணும். கட்டிக்கப் போறவ எதுர்ல குந்திக்கினு கண்ணாடி புடிக்கணும். சாயத் தண்ணிய முச்சந்தில ஊத்திடணும். எமன் மனுசனாயிட்டா கயிறு வெறும் கயிறு. அவ்ளோதான்.”

காசியம்மாள் அன்றைக்கே பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய், அங்கிருந்து உள்ளே நடந்து, கோஷ்டி ஆடுகிற கிராமத்தைக் கண்டுபிடித்தாள். ஆட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூடக் கொட்டகையில் எல்லாரும் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தது. கட்டியங்காரன் துரைக்கண்ணு பாதி மீசையோடு எழுந்து வந்து அவள் சொன்னதைக் கேட்டான்.

“எமன் கட்ற வரதண்ணன், வூட்டு வாசலுக்கெல்லாம் வந்து வேஷம் கலைக்க மாட்டாரும்மா. எங்க முன்னாலயே கலைக்கறதில்ல. தனியா திரையக் கட்டிகினுதான் போட்றது, கலைக்கறது எல்லாம். ஒரு வருசமா இப்டித்தான். ஏன்னு கேட்டா மொறைக்கிறாரு.”

“ஏன்யா, அவரு மூஞ்ச நீங்க பாத்ததே இல்லியா?”

“பாத்திருக்கேன். முன்னாடி.”

அந்த ‘முன்னாடி’யை அவன் சொன்ன விதம் காசியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“யோவ்! எம்பொண்ணுக்கு வைகாசில கல்யாணம். நீ போட்ட கயித்த நீயே வந்து எடுத்துட்டுப் போ. இல்லாங்காட்டி இங்கியே குந்திகினு இருப்பேன், எத்தினி நாளானாலும்!”

திரைக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. பிறகு சலங்கை ஒருமுறை அசைந்தது.

“ஞாயித்துக் கெழம வர்றேன்னு சொல்லு துரை. பையனும் இருக்கணும். பொண்ணும் இருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை உச்சியில் எமன் வந்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, புதிதாக அகலப்படுத்திக்கொண்டிருந்த கடற்கரைச் சாலையின் ஓரமாக நடந்து வந்தான். கட்டைக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, கண்ணாடிச் சில் பதித்த மார்ப்பதக்கம், விரிந்த பாவாடை, காலில் சலங்கை. உருகிய தார் செருப்பில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது. மாமல்லபுரம் போகிற சுற்றுலாக் கார் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு விருட்டென்று போனது. எதிரே மாலையும் கழுத்துமாக மூன்று பேர் வந்தார்கள். திருவிடந்தைப் பெருமாளுக்கு நாள்தோறும் கல்யாணம். வரன் அமையாதவர்கள் அங்கே வேண்டிக்கொண்டு, கழுத்தில் போட்ட மாலையோடு திரும்புவார்கள். அவர்கள் எமனைக் கண்டதும் சாலையை விட்டு இறங்கி முள்ளுக்குள் நின்றுகொண்டார்கள்.

காலனிக்குள் அவன் திரும்பியபோது கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. சூரியன் நேர் மேலே. அவன் நிழல் அவன் பாவாடைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. தோப்பில் காற்றும் நின்றுவிட்டிருந்தது. சலங்கை மட்டும்.

காசியம்மாள் வாசலைச் சாணி தெளித்துக் கூட்டியிருந்தாள். மோசஸ் ஜெபக்கூட்டத்துக்குப் போன வெள்ளைச் சட்டையோடு, வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். இதெல்லாம் பாவம் என்று காலையில் சொல்லிப் பார்த்திருந்தார்; எடுபடவில்லை. ஹேமந்தை ஒரு பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டிருந்தது. இருந்தும் முகம் வெளுத்திருந்தது. எமன் தெருமுனையில் வந்தபோதே அவன் எழுந்துகொள்ளப் பார்த்தான். காசியம்மாள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

மோசஸ் சவரம் செய்கிற சின்னக் கண்ணாடியை ஜாக்குலின் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எமன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அருகில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம், பழைய வேட்டித் துணி, ஒரு குண்டான் தண்ணீர்.

“பயப்படாம புடி தாயி. கை ஆடுச்சின்னா எனுக்குக் கண்ணு தெரியாது.”

முதலில் கிரீடத்தைக் கழற்றினான். அடியில் தலைமயிர் தேங்காய் நார்போல அங்கங்கே இருந்தது. புஜக்கட்டையை எடுத்தான். மார்ப்பதக்கத்தை எடுத்தான். பின்னால் முடிச்சை அவிழ்த்ததும் மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சுருட்டிச் சுருட்டி அடைத்த பழந்துணிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு சுருட்டு வெளியே வரும்போதும் எமன் சின்னவனானான். குழந்தைகளை அலற வைத்த அந்தப் பெரிய உருவம், கடைசித் துணியும் வந்தபோது ஒரு கொடிக்கம்பில் மாட்டிய சட்டை மாதிரி ஆகிவிட்டது.

காசியம்மாள் ஒரு அடி பின்னால் போனாள்.

அவன் எண்ணெயை முகத்தில் தேய்த்தான். நீலமும் கரியும் குழம்பி வழிந்தன. துணியால் துடைத்தான். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் குழி இருந்தது. தாடை எலும்பு, பல் வரிசை எல்லாம் தோலுக்கு மேலே தெரிந்தன. இருமலில் வாய் திறந்தபோது நாக்கில் தயிர் ஏடு மாதிரி வெள்ளை படிந்திருந்தது. கண்கள் மட்டும் மாறவே இல்லை. கூத்தன்றைக்கு ஹேமந்தைப் பார்த்த அதே கண்கள்.

ஜாக்குலினிடமிருந்த கண்ணாடியின் வெளிச்சம் கூரையில் ஓடி ஓடித் திரும்பியது.

“அய்யோ… இன்னாய்யா இது?” காசியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “எமன்னு கூட்டியாந்தேன். ஒன்னியே எமன் புடிச்சிகினு கீறானே!”

“கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று கேட்டான் அவன்.

யாரும் அசையவில்லை. ஜாக்குலின் கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, தான் காலையில் குடித்த டம்ளரிலேயே மொண்டு கொடுத்தாள். அவன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தான்.

“ஒட்டாதுன்னு தெரியுமா ஒனக்கு?”

“கூத்துல நீங்கதான சொன்னீங்க. டம்ளர்ல வராதுன்னு.”

வரதன் சிரித்தான். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதும் கஷ்டமாக இருந்தது.

“பரவால்ல. ஒருத்தியாச்சும் கேட்டுக்கினு கீற.” அவன் மோசஸ் பக்கம் திரும்பினான். “அண்ணாத்த, ஆடி மாசம் முடிஞ்சா எங்களுக்குக் கூத்து இல்ல. பொங்கல் வரிக்கும் ஏதாச்சும் பண்ணணும். நான் ஜல்லி லாரில போவேன். ஆறு வருசம் இருக்கும், நெல்லூரு தாண்டி லோடு. ஒரே வண்டில நாலு பேரு. நானு, ஏகாம்பரம், கருப்பன், அப்பறம் ஒரு கிளீனரு. சின்னப் பையன், மீசகூட சரியா மொளைக்கல.”

யாரும் ஹேமந்தைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் அவன் அங்கே இருப்பது தெரிந்தது.

“ரோட்டோரம் ஓட்டலு. அங்க ஒரு பொண்ணு. போறப்ப ஒரு தபா, வர்றப்ப ஒரு தபா. நாலு பேரும் போனோம். அத்தக் கொற சொல்லி இன்னா? அதுக்கு எவன் குடுத்தானோ. ஒறையப் பத்தி அன்னிக்கி எங்களுக்கு எவனும் சொல்லல.”

“பொய்!” என்றாள் காசியம்மாள். “இதெல்லாம் மெய்யின்னா நேரா வந்து சொல்றதுக்கு இன்னா? கயித்தப் போட்டு ஏன்யா எங்க உயிர எடுத்த?”

“சொன்னனேம்மா. எனுக்குத் தெரிஞ்சதுமே போய்ச் சொன்னேன். ஏகாம்பரம் சிரிச்சான். கருப்பன் செருப்பக் கழட்னான். வரதன் சொன்னா எவன் கேப்பான்? வேஷம் கட்டினா கேப்பானுங்க. எமன் கண்ணால பாத்தா பயந்துகினாவது ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுப்பானுங்கன்னு நெனச்சேன்.” அவன் மூச்சு வாங்கினான். “பயந்தானுங்க. பயந்துகினு நேரா மந்திரிக்கறவங்கிட்ட போனானுங்க. பொண்டாட்டிங்க கையில தாயத்து கட்டினு கீறாங்க. ஒருத்திகூட இன்னும் ரத்தம் பாக்கல.”

காசியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். சாணி தெளித்த ஈர வாசலில், துணிச் சுருட்டுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்தாள்.

“தோப்புல சலங்க சத்தம் கேட்டுச்சி…”

“நான்தான். ரெண்டு தபா வந்தேன், தனியாப் பாத்துச் சொல்லலாம்னு. பையில சலங்க இருந்துச்சி. இவன் என்னப் பாத்தான். பாத்துட்டு உள்ள பூட்டான்.”

மோசஸ் வேதப் புத்தகத்தைத் திண்ணைமேல் வைத்தார். “இப்ப இவனுக்கும் வந்துட்ச்சின்றியா?”

“அத்த நான் எப்டிச் சொல்வேன்? நாலு பேர்ல மூணு பேருக்கு வந்துச்சி. இவனுக்கு வந்தும் இருக்கலாம், தப்பிச்சும் இருக்கலாம். ஆளப் பாத்தா தெரியாது. ரத்தம்தான் சொல்லும். செங்கல்பட்டுல பாக்கறாங்க. பேர வெளிய சொல்ல மாட்டாங்க. வரலேன்னா ஜோரா கல்யாணம் பண்ணட்டும், நானே வந்து ஆடறேன். வந்திருந்தா…” அவன் ஜாக்குலினைக் காட்டினான். “எம்பொண்டாட்டிக்கு நான் குடுத்துட்டேன். அவளுக்குத் தெரியாமயே குடுத்துட்டேன். இந்தப் பொண்ணு தெரிஞ்சிக்கட்டும். அதுக்குத்தான் வேஷத்தோட வந்தேன்.”

அவன் கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக மூட்டையில் வைத்தான். கயிறு மட்டும் வெளியே கிடந்தது. தோப்பில் காற்று மறுபடி எழுந்து, அந்த ஒற்றைச் சுருதியை இழுக்கத் தொடங்கியது.

காசியம்மாள் உட்கார்ந்தபடியே ஹேமந்திடம் நகர்ந்தாள். “டேய், இல்லேன்னு சொல்றா. இந்தாளு யாரோன்னு சொல்றா. ஒரு வார்த்த சொல்லு, இவன இந்தத் தொடப்பத்தாலயே அடிச்சித் தொரத்தறேன்.”

ஹேமந்தின் கை தானாகப் போய்க் கழுத்தைத் தேய்த்தது.

ஜாக்குலின் எழுந்தாள். மடியிலிருந்த கண்ணாடி தரையில் சாய்ந்து வானத்தைக் காட்டியது. அவள் ஹேமந்தின் எதிரே வந்து, கல்லின்மேல் உப்புத்தாளை வைக்கிற அதே பொறுமையோடு உட்கார்ந்தாள்.

“மாமா. கூத்து நடந்துச்சே, அன்னிக்கே இவரு எதுக்கு வந்தாருன்னு ஒனக்குத் தெரியும், இல்ல?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

“கல்யாணம் முடியட்டும், அப்பறமா போய் ரத்தம் பாத்துக்கலாம்னு இருந்தேன், ஜாக்கு.”